பூஜ்யமும் ஆயிரமும்

டெர்மினலைத் திறந்தால் வரியின் தொடக்கத்தில் # இருக்கிறதா, $ இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது ஒரு காலத்தில் எனக்கு அனிச்சையாகவே வரும். # என்றால் ரூட். அந்த மெஷினில் எதையும் எழுதலாம், எதையும் அழிக்கலாம், தடுக்க ஆளில்லை. $ என்றால் சாதாரண யூசர். ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிய சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்தப் பாடம் முதல் நாளே கிடைத்துவிடும். 1998 முதல் இயங்கிவரும் குழு அது. உபுண்டு சிடியைக் கையில் கொடுக்கும்போதே, "ரூட்டா லாகின் பண்ணி வேலை பாக்காதீங்க" என்றும் சொல்லி அனுப்புவார்கள். எந்தக் கட்டளைக்கு அதிகாரம் வேண்டுமோ அதற்கு மட்டும் சூடோ. மற்றபடி சாதாரண யூசர்.

அப்புறம் கண்டெய்னர் வந்தது. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சொன்றில், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரை அறிமுகம் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அது தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சிறிய அலுவலகத்துக்கும் வந்து சேர்ந்தது. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், அவர் லேப்டாப்பில் பைதானும் போஸ்ட்கிரெஸும் நிறுவி முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். டாக்கர் வந்தபின் பனகல் பார்க் பக்கம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. அந்த மகிழ்ச்சியில் # குறி திரும்பி வந்ததை நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. டாக்கர் இமேஜில் யூசர் யார் என்று நாம் சொல்லாவிட்டால் அது ரூட்டாகத்தான் ஓடும். பைதானின் அதிகாரப்பூர்வ இமேஜும் அப்படியே. "கண்டெய்னருக்குள்ளதானே, வெளியில எதுவும் ஆகாது" என்பது எல்லோரும் சொன்ன சமாதானம். நானும் அதை நம்பினேன், மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

2019 அக்டோபரில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பைகான் இந்தியா நடந்தபோது காபி மேசையருகே நின்றவர்களிடம் பிப்என்வா, பொயட்ரியா என்ற வாக்குவாதம் ஓயவேயில்லை. பேக்கேஜுகளை எந்தக் கருவியால் நிர்வகிப்பது என்பதில் எல்லோருக்கும் தீர்மானமான கருத்து இருந்தது. அந்தக் கருவியை எந்த யூசராக ஓட்டுகிறோம் என்ற கேள்வி நான் நின்ற வட்டத்தில் எழவில்லை. இந்த இரண்டும் ஒரே கேள்வி என்பது எனக்குப் பிடிபட்டது அடையாறில், ஒரு கல்லூரி மாணவியின் பழைய லேப்டாப்பில்.

சனிக்கிழமை மாலைகளில் அடையாறு காந்தி நகரில் ஒரு நண்பரின் மாடியறையில் மாணவர்களுக்குப் பைதான் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டணம் இல்லை. பெரும்பாலோர் கொண்டுவருவது விண்டோஸ் லேப்டாப், சிலரிடம் மேக். இந்த மாணவி கொண்டுவந்தது ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் திங்க்பேட். அதில் உபுண்டு. வீட்டில் அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் அந்த ஒரே லேப்டாப்தான், ஆளுக்கொரு யூசர் கணக்கு. அன்றைக்குக் கண்டெய்னருக்குள் ஜாங்கோ ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, அதில் ஓர் ஆப்பை உருவாக்கச் சொல்லியிருந்தேன். எல்லோரும் அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஃபைலை சேவ் பண்ண முடியல. பர்மிஷன் இல்லைன்னு சொல்லுது."

"அந்த ஃபோல்டரை அழிச்சுட்டு மறுபடி பண்ணிப் பாரும்மா."

"அழிக்கவும் முடியல சார். என் லேப்டாப்புதான், என் ஃபோல்டர்தான்."

அவள் திரையில் எல்எஸ் கட்டளையை நீளமான பட்டியலாக ஓட்டிப் பார்த்தேன். அவள் கையால் எழுதிய கோப்புகளுக்கு நேரே ஓனர் என்று அவள் பெயர் இருந்தது. கண்டெய்னர் உருவாக்கிய ஆப் ஃபோல்டருக்கும், அதற்குள் பைதான் தானாகவே போட்டுவைத்த பைகேச் ஃபோல்டருக்கும் நேரே ரூட், ரூட் என்று இருந்தது. எடிட்டர் கீழே ஒரு பெட்டியைக் காட்டி, சூடோவாக மீண்டும் முயற்சிக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மேக் வைத்திருந்த பையனுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. அவனுடையதும் ரூட்டாகத்தான் ஓடியது. ஆனால் மேக்கில் டாக்கர் தனியாக ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இயங்குகிறது. ஃபோல்டரைப் பகிரும் அடுக்கு, உள்ளே யார் எழுதினாலும் வெளியே அவன் பெயரிலேயே காட்டிவிடுகிறது. எங்கள் அலுவலகத்திலும் எல்லாம் மேக். இத்தனை ஆண்டுகளில் இது எங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான்.

லினக்ஸில் அந்த அடுக்கு இல்லை. கண்டெய்னருக்கும் வெளியே இருக்கும் உபுண்டுவுக்கும் கெர்னல் ஒன்றுதான். கெர்னலுக்கு யூசரின் பெயர் தெரியாது, எண் மட்டுமே தெரியும். பெயர்கள் எல்லாம் பாஸ்வேர்டு கோப்பில் இருக்கின்றன. கண்டெய்னருக்கு ஒரு பாஸ்வேர்டு கோப்பு, லேப்டாப்புக்கு வேறொன்று. ரூட்டின் எண் 0. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் யூசரின் எண் 1000, அடுத்தவருக்கு 1001. மயிலாப்பூரில் தெருப் பெயரைப் பார்க்காமல் கதவு எண்ணை மட்டும் பார்த்துத் தபாலைப் போடும் தபால்காரர் ஒருவர் இருந்தால் எப்படியோ, கெர்னல் அப்படி. உள்ளே 0 என்ற எண்ணோடு எழுதியது வெளியேயும் 0 என்றே பதிவாகிறது. வெளியே 0 என்றால் அந்த லேப்டாப்பின் உண்மையான ரூட்.

அன்றைக்கு சோன் கட்டளை போட்டு ஓனரை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த முறை கண்டெய்னரை ஓட்டினால் அதே பிரச்சினை திரும்ப வரும் என்று இருவருக்கும் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது வேறு: அவளுடைய லேப்டாப் உண்மையைக் காட்டியது, எங்களுடையவை காட்டவில்லை. உலகத்து சர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது லினக்ஸில். அப்படியானால் வகுப்பிலேயே மிகக் குறைந்த விலைக் கணினியை வைத்திருந்தவள்தான் நிஜத்துக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்கர்ஃபைலில் ஒரு சாதாரண யூசரை உருவாக்கி, கடைசியில் "இனி இவராக ஓடு" என்று ஒரு வரி சேர்ப்பது எளிது. சேர்த்தேன். பைதான் உடனே முரண்டு பிடித்தது. அந்த முரண்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பைதான் பேக்கேஜுகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்ததில் பாதியை நான் சரியாகக் கற்றது அதற்குப் பிறகுதான்.

பைதான் இமேஜில் பேக்கேஜுகள் போய்ச் சேரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தம். சாதாரண யூசராக, பேக்கேஜ் நிறுவும் பிப் கருவியில் இன்ஸ்டால் கொடுத்தால், அங்கே எழுத முடியாததால் யூசரின் வீட்டு ஃபோல்டருக்குள் நிறுவுகிறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தன் போக்கில் போய்விடும். ஆக, இமேஜ் கட்டும்போது ரூட் நிறுவியவை ஓரிடத்தில், பிறகு யூசர் நிறுவியவை இன்னோரிடத்தில். ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருக்கும். எது எடுக்கப்படும் என்பது பைதான் தேடும் வரிசையைப் பொறுத்தது. பைடெஸ்ட் மாதிரி கட்டளையாக ஓட்டும் கருவிகள் வீட்டு ஃபோல்டரின் மறைவான ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். பாத் வரிசையில் அந்த இடம் இல்லையென்றால், நிறுவிய அடுத்த நொடியே "அப்படி ஒரு கட்டளை இல்லை" என்று வரும்.

ரூட்டாக ஓட்டியபோது இந்தக் குழப்பம் எதுவும் தெரியவில்லை. 2021 முதல், பிப்பை ரூட்டாக ஓட்டினால் அது ஓர் எச்சரிக்கை தருகிறது: பர்மிஷன் உடையலாம், விர்ச்சுவல் என்விரான்மென்ட் பயன்படுத்துங்கள் என்று. பல ப்ராஜெக்ட்களின் டாக்கர்ஃபைல்களில் அந்த எச்சரிக்கையை வாயடைக்கும் வரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எங்களுடையதிலும் இருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இன்னும் கறாராக நடந்துகொண்டது. சிஸ்டத்தின் பைதானுக்குள் பிப் நேரடியாகக் கை வைக்கவே கூடாது என்று தடுத்துவிட்டது. அப்போதும் அந்தத் தடையை உடைக்கும் ஆப்ஷனைத் தேடித்தான் பலரும் ஓடினார்கள். தடை எதற்கு என்று நின்று கேட்டால் விடை எளிது. சிஸ்டத்தின் பேக்கேஜுகளுக்குச் சொந்தக்காரர் டெபியனின் apt. உங்கள் ப்ராஜெக்டின் பேக்கேஜுகளுக்குச் சொந்தக்காரர் நீங்கள். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்தால் சண்டைதான் மிஞ்சும்.

"கண்டெய்னரே தனி இடம்தானே, அதுக்குள்ள எதுக்கு சார் இன்னொரு விர்ச்சுவல் என்விரான்மென்ட்?" என்று வகுப்பில் தவறாமல் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேண்டாம் என்று சொல்லும் திறமையான ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டும் என்பது என் கட்சி. விர்ச்சுவல் என்விரான்மென்ட், சுருக்கமாக வென்வ், என்பது யூசருக்குச் சொந்தமான, எழுதக்கூடிய, ஒரே இடம். அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி கட்டலாம், இமேஜைத் தொட வேண்டியதில்லை. சாதாரண யூசராக வேலை செய்ய முடிவெடுத்தால் பேக்கேஜுகளுக்கு அப்படி ஓரிடம் கட்டாயம் வேண்டும். 2012-ல் பைதான் 3.3 வந்தது முதல் வென்வ் பைதானோடு சேர்ந்தே கிடைக்கிறது, பைதான் இமேஜில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

அந்த இடம் எது என்பதில்தான் சிக்கல். ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். யூவி உட்படப் பல பேக்கேஜ் கருவிகளின் வழக்கமும் அதுவே. ஆனால் ப்ராஜெக்ட் ஃபோல்டர் லேப்டாப்புக்கும் கண்டெய்னருக்கும் பொது. வென்வுக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டளைக் கோப்பின் முதல் வரியிலும் பைதானின் முழு முகவரி எழுதியிருக்கும். லேப்டாப்பில் கட்டிய வென்வின் முகவரி கண்டெய்னருக்குள் இருக்காது, கண்டெய்னரில் கட்டியது வெளியே பொருந்தாது. மேக்கில் கட்டியிருந்தால் உள்ளே இருக்கும் சி நூலகங்களே வேறு. யூவி இதைக் கண்டுபிடித்துப் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை என்று இரண்டு பக்கமும் மாறி மாறி அழித்துக் கட்டிக்கொண்டிருக்கும். அதனால் வென்வைப் பொது ஃபோல்டருக்கு வெளியே வைப்பதே சரி. யூவிக்கு அந்த இடத்தை ஒரு என்விரான்மென்ட் வேரியபிளில் சொல்லிவிடலாம்.

முதலில் நான் கண்டெய்னருக்குள் /opt என்ற ஃபோல்டரில், மென்பொருள்களை வைக்கும் வழக்கமான இடத்தில், வென்வைக் கட்டி யூசருக்குச் சொந்தமாக்கினேன். வகுப்பில் எல்லோருக்கும் ஓடியது. அந்த மாணவிக்கு மட்டும் மறுபடி பர்மிஷன் இல்லை. அவள் அண்ணன்தான் லேப்டாப்பின் முதல் யூசர், அவன் எண் 1000. அவளுடையது 1001. இமேஜில் நான் உருவாக்கிய யூசரின் எண் 1000. நிரல் எழுதுவதற்கான கண்டெய்னரை, அதாவது டெவ் கண்டெய்னரை, திறக்கும் எடிட்டர், லினக்ஸில் மட்டும், உள்ளே இருக்கும் யூசரின் எண்ணை வெளியே இருப்பவரின் எண்ணுக்குத் தானே மாற்றிவிடும். ப்ராஜெக்ட் கோப்புகள் பூட்டிக்கொள்ளாமல் இருக்க அது செய்யும் உதவி. ஆனால் அப்படி மாற்றும்போது யூசரின் வீட்டு ஃபோல்டரை மட்டுமே புதிய எண்ணுக்கு எழுதிக்கொடுக்கும். வீட்டுக்கு வெளியே நான் கட்டிவைத்த வென்வ் 1000 என்ற எண்ணிடமே இருந்துவிட்டது. வென்வை வீட்டு ஃபோல்டருக்குள் நகர்த்தியதும் அவளுக்கும் ஓடியது.

"அண்ணன் கணக்குல ஓட்டினா சரியாயிருந்திருக்கும்ல சார்?" என்றாள். ஆமாம், சரியாக இருந்திருக்கும், நமக்குத் தெரியாமலே போயிருக்கும் என்றேன். 1000 என்ற எண் நம் எல்லோருக்கும் பொது என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். உபுண்டு 23.04 முதல் அதன் டாக்கர் இமேஜிலேயே உபுண்டு என்ற யூசர் 1000 என்ற எண்ணோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அதே எண்ணில் இன்னொருவரை உருவாக்கச் சொன்னால், எண் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று பில்ட் நின்றுவிடும். எங்கள் பழைய டாக்கர்ஃபைல் ஒன்று பேஸ் இமேஜை உயர்த்திய அன்று அப்படித்தான் நின்றது.

வென்வைத் தனி வால்யூமில் வைத்தால் கண்டெய்னரை அழித்தாலும் பேக்கேஜுகள் தங்கும். அதிலும் ஒரு நுணுக்கம். காலியான வால்யூமை முதல்முறை இணைக்கும்போது, இமேஜில் அந்த இடத்தில் ஃபோல்டர் இருந்தால் அதன் உள்ளடக்கத்தையும் ஓனரையும் டாக்கர் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஃபோல்டர் இல்லாவிட்டால் ரூட்டின் பெயரில் புதிதாகப் படைத்துவிடும். எனவே இமேஜ் கட்டும்போதே காலி ஃபோல்டர் ஒன்றை யூசரின் பெயரில் உருவாக்கி வைக்க வேண்டும். இதை முழுதாக விளக்கும் பிழைச்செய்தி எதுவும் வராது. பர்மிஷன் இல்லை என்ற இரண்டு சொல்தான் வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த வாரம் நான் மந்தைவெளி வீட்டில் இருந்தேன். மின்சாரம் திரும்பிய பிறகும் பிராட்பேண்ட் வரவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை. மயிலாப்பூரில் தன் வீட்டில் பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்துவைத்திருந்த ஒருவருக்காக, ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்துகளாக மாற்றும் நிரல் அது. டெசராக்ட், அதன் தமிழ் மொழிக்கோப்பு, அதற்குமேல் பிழை திருத்தும் மாடல் ஒன்று, அதற்காகப் பைடார்ச். அந்தச் சமயத்தில் லினக்ஸுக்கான பைடார்ச்சின், நிறுவத் தயாரான வீல் கோப்பு மட்டும் 600 எம்பிக்கு மேல். ஒரு சிறு மாற்றம் செய்து இமேஜைக் கட்டினேன். மறுபடி முழுதும் இறங்கத் தொடங்கியது. பில்டுகளுக்கிடையே பிப்பின் கேச்சைச் சேமித்துவைக்கும் வசதியை முன்பே போட்டிருந்தேன், ரூட்டாக இருந்தவரை அது ஒழுங்காக வேலை செய்தது. லாகை மேலே தள்ளிப் பார்த்தபோது ஒரு மஞ்சள் வரி: இந்த ஃபோல்டர் தற்போதைய யூசருக்குச் சொந்தமில்லை, எனவே கேச் நிறுத்தப்பட்டது. பில்டில் இணைக்கும் கேச்சுக்கு எண் எதுவும் சொல்லாவிட்டால் அது 0 என்ற எண்ணுக்கே சொந்தமாக வரும். யூசரின் எண்ணை அந்த வரியில் சேர்த்தேன். ஒரு முறை முழுதாக இறங்கியது, அடுத்த பில்டில் இறங்கவில்லை. வேகமான இணைப்பு இருந்திருந்தால் அந்த மஞ்சள் வரியை நான் படித்திருக்க மாட்டேன்.

அந்த நிரலைப் புத்தகச் சேகரிப்பாளரின் தரப்பினர் ஏற்பாடு செய்த சர்வரில் ஏற்றும்போது, அங்கே கண்டெய்னர்களை ரூட்டாக ஓட்ட அனுமதியே இல்லை என்றார்கள். எந்த எண்ணில் ஓடும் என்பதையும் அந்தத் தளமே முடிவு செய்யும். ரூட்டாக ஓட்டிய காலமாக இருந்திருந்தால் எங்களுக்குப் பெரிய தலைவலியாகியிருக்கும். மாடல்களை இறக்கும் நூலகங்கள் அவற்றை யூசரின் வீட்டு ஃபோல்டரில் ஒளிந்திருக்கும் கேச்சில் வைக்கும். ரூட்டாகக் கட்டினால் மாடல் ரூட்டின் வீட்டுக்குள் போய்விடும், அங்கே வேறெவரும் நுழைய முடியாது. நாங்கள் சாதாரண யூசராக மாறியிருந்ததால் எது எங்கே எழுதப்படுகிறது என்ற பட்டியல் ஏற்கெனவே கையில் இருந்தது: மாடலுக்கு ஓரிடம், தற்காலிகப் படங்களுக்கு ஓரிடம், மற்ற எல்லாம் படிக்க மட்டும். சர்வரில் மாற்ற வேண்டியிருந்தது கொஞ்சமே.

ரூட்டாக ஓட்ட வேண்டாம் என்று எங்கே பேசினாலும் பாதுகாப்பு என்ற ஒரே காரணத்தைத்தான் முன்னால் வைக்கிறார்கள். அதைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். காரணம் உண்மையானதுதான். 2019 பிப்ரவரியில் ரன்சி என்ற அடித்தளக் கருவியில் வெளிப்பட்ட ஓட்டை வழியாக, கண்டெய்னருக்குள் ரூட்டாக இருக்கும் தீய நிரல் வெளியே இருக்கும் ரன்சியையே மாற்றி எழுதி, ஹோஸ்டின் ரூட்டாகிவிட முடிந்தது. சுவரில் ஓட்டை விழும் நாளில் உள்ளே இருப்பவர் 0 ஆக இருந்தால் வெளியேயும் 0 ஆகத்தான் வருவார். "கண்டெய்னருக்குள்ளதானே" என்ற சமாதானம் சுவர் உடையாதவரைதான் செல்லும்.

ஆனால் பைதான் உலகில் நம்மைத் தேடிவரும் ஆபத்து பெரும்பாலும் வேறு வாசல் வழியாக வருகிறது. 2022 மே மாதத்தில், சிடிஎக்ஸ் என்ற சின்னப் பைதான் பேக்கேஜை உருவாக்கியவரின் மின்னஞ்சல் டொமைன் காலாவதியாகியிருந்தது. அதை வேறொருவர் வாங்கி, பேக்கேஜைக் கைப்பற்றி, என்விரான்மென்ட் வேரியபிள்களைத் திருடி அனுப்பும் பதிப்பை ஏற்றிவிட்டார். அதே ஆண்டு டிசம்பர் 25 முதல் 30 வரை பைடார்ச்சின் தினசரிப் பதிப்பை லினக்ஸில் பிப் மூலம் நிறுவியவர்களுக்கு டார்ச்டிரைட்டன் என்ற போலிப் பேக்கேஜ் சேர்ந்து வந்தது. எஸ்எஸ்எச் சாவிகளையும், வீட்டு ஃபோல்டரில் முதல் ஆயிரம் கோப்புகளையும் படித்து வெளியே அனுப்பியது. இவை எதற்கும் ரூட் அதிகாரம் தேவைப்படவில்லை. உங்கள் சாவி உங்கள் வீட்டில் இருக்கிறது, நீங்கள் ஓட்டும் நிரல் அதைப் படிக்கும். சாதாரண யூசராக மாறிவிட்டோம், பத்திரம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கிறேன்.

இங்கே காப்பாற்றுவது இரண்டு பழக்கங்கள். ஒன்று, லேப்டாப்பின் வீட்டு ஃபோல்டரை அப்படியே கண்டெய்னருக்குள் இணைக்காமல், ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் இணைப்பது. உள்ளே இருக்கும் வீடு கிட்டத்தட்ட காலியாக இருந்தால் திருட ஒன்றுமில்லை. மற்றது லாக் ஃபைல் (lock file). எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, அந்தக் கோப்பின் ஹேஷ் என்ன என்பது வரை எழுதிவைத்து, பொருந்தாத எதையும் நிறுவ மறுப்பது. யூவியின் லாக் ஃபைலில் ஹேஷ் தானாகவே பதிவாகும். பிப்பிடம் ஹேஷ் கட்டாயம் என்று சொல்ல ஆப்ஷன் உண்டு. முடிந்தவரை வீல் கோப்புகளை மட்டும் ஏற்பது இன்னும் நல்லது. மூலக் கோப்பாக வரும் பேக்கேஜ் நிறுவப்படும்போதே தன் நிரலை ஓட்டிவிடும். ரூட்டாக பிப் இன்ஸ்டால் கொடுத்தால் முன்பின் தெரியாத ஒருவரின் நிரலை ரூட்டாக ஓட்டுகிறோம் என்றுதான் அர்த்தம். பேக்கேஜ் நிர்வாகமும் யூசர் எண்ணும் ஒரே கேள்வி என்று மேலே சொன்னது இதனால்தான். எந்தக் கோப்பு வருகிறது என்பதை லாக் ஃபைல் சொல்கிறது, அது எங்கே வரை கை நீட்டலாம் என்பதை யூசர் எண் சொல்கிறது.

வகுப்பில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. பாஸ்வேர்டு கேட்காத சூடோவை யூசருக்குக் கொடுப்பதில்லை. பல தயார்நிலை டெவ் கண்டெய்னர் இமேஜ்களில் அது இருக்கிறது, வசதிதான். ஆனால் கையில் சூடோ இருந்தால் முதல் பிழையிலேயே சூடோ பிப் இன்ஸ்டால் என்று அடித்துவிடுகிறார்கள், பழையபடி வென்வுக்குள் ரூட்டின் கோப்புகள் முளைக்கின்றன. ரூட் செய்ய வேண்டியவை டாக்கர்ஃபைலின் மேல்பாதியில் முடியட்டும்: போஸ்ட்கிரெஸ் நூலகம், டெசராக்ட், கம்பைலர். அங்கிருந்து கீழே யூசரின் ராஜ்யம். புதிதாக ஒரு சிஸ்டம் நூலகம் வேண்டும் என்றால் மேல்பாதியில் எழுதி மறுபடி கட்டுங்கள் என்பேன். எழுதினால்தான் அது பக்கத்தில் இருப்பவரின் லேப்டாப்புக்கும் போய்ச் சேரும்.

சென்ற பருவத்தில் அந்த மாணவியும் இன்னும் சிலரும் தங்கள் கல்லூரி ஆய்வகத்தின் பொது மெஷினில் இதே பாடத்தை ஓட்ட முயன்றார்கள். ஆய்வகப் பொறுப்பாளர் டாக்கர் குரூப்பில் மாணவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. டாக்கர் குரூப்பில் இருப்பவர், ஹோஸ்டின் முழு டிஸ்க்கையும் ஒரு கண்டெய்னருக்குள் இணைத்து ரூட்டாகத் திறந்துவிட முடியும். அந்தக் குரூப்பில் இடம் கொடுப்பதும் ரூட் பாஸ்வேர்டைக் கொடுப்பதும் ஒன்றுதான். பதிலாக அவர் ரூட் இல்லாமல் கண்டெய்னர்களை ஓட்டும் பாட்மேனை நிறுவிக்கொடுத்தார்.

அன்று இரவு அவளிடமிருந்து போன். "சார், நீங்க சொன்ன மாதிரியே யூசர் 1000-னுதான் வெச்சிருக்கேன். வெளிய வந்து பாத்தா ஓனர் 100999-னு காட்டுது. அப்படி ஒரு ஆளே இங்க இல்ல சார்."

ரூட்லெஸ் பாட்மேனில் கணக்கு வேறு. அதை ஓட்டும் ஒவ்வொருவருக்கும் சிஸ்டம் 65,536 எண்களை ஒதுக்கித் தருகிறது. கண்டெய்னருக்குள் 0 என்பது வெளியே ஓட்டுகிறவரின் சொந்த எண். உள்ளே 1 என்பது ஒதுக்கப்பட்ட எண்களில் முதலாவது, அந்த மெஷினில் அவளுக்கு 100000. அந்த வரிசையில் எண்ணிக்கொண்டே போனால் உள்ளே 1000 என்பது வெளியே 100999. டாக்கரில் ஆபத்தான பூஜ்யம் இங்கே அவளேதான், நான் கற்றுக்கொடுத்த ஆயிரம் இங்கே யாருமில்லாத அந்நியர். வெளியே இருப்பவரின் எண்ணை உள்ளேயும் அப்படியே வைத்துக்கொள் என்று சொல்லும் ஆப்ஷன் பாட்மேனில் இருக்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னேன், ஓடியது.

அதன்பின் வகுப்பின் குறிப்புத்தாளை மாற்றி எழுதினேன். யூசர் எண் 1000 என்று முதல் வரியில் இருந்ததை எடுத்துவிட்டேன். இப்போது முதல் வேலை, ஐடி கட்டளையைக் கண்டெய்னருக்கு உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை ஓட்டி இரண்டு எண்களையும் நோட்டில் எழுதுவது. அடுத்து, கண்டெய்னருக்குள்ளிருந்து காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, வெளியே வந்து அதன் ஓனரைப் பெயரில் இல்லாமல் எண்ணில் பார்ப்பது. டாக்கர்ஃபைல் அதற்குப் பிறகுதான். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சியில் எதுவும் பிடிபடாது என்பதால் லினக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்கிறேன். ரிச்சி தெரு திங்க்பேட்டைச் சுற்றித்தான் இப்போது கூட்டம் அதிகம்.